சொல்லைப் பெயர்ப்பதும் பொருளைப் பெயர்ப்பதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, எப்பொருள் பற்றிப் பேசுவது என்று எண்ணினோம். இலக்கியம் பேசப் புலவர் உளர். அரசியல் பேச வல்லாரும் உளர். யாமோ பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளியை விட்டுப் புகைவண்டித் துறையில் எழுத்தராக அமர்ந்தவர். எம் மேசைக்கு நாள்தோறும் ஆங்கிலக் காகிதம் வருகிறது. மலையாளத்தில் கேள்வி வருகிறது. தமிழில் முறையீடு வருகிறது. ஒன்றை மற்றொன்றாக்கிச் சொல்வது எமக்குப் பழகிய வேலை. ஆதலின் அவ்வேலையில் கண்ட ஒரு சிறு செய்தியையே இன்று உங்கள் முன் வைக்கத் துணிந்தோம். அச்செய்தி மொழிபெயர்ப்பைப் பற்றியது. அதிலும் மிகச் சிறிய சொற்களைப் பற்றியது.

அன்பர்களே, ஆங்கிலத்தில் நம்மை மருட்டுவன பெரிய சொற்கள் அல்ல. 'கான்ஸ்டிடியூஷன்' என்ற நீண்ட சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் 'அரசியலமைப்பு' என்று விடை கிடைத்துவிடும். நம் பிள்ளைகளை உண்மையில் இடர்ப்படுத்துவன 'புட்', 'கெட்', 'டேக்', 'லுக்' என்னும் ஓரசைச் சொற்களே. 'புட்' என்றால் வை என்பது முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதன் பின்னே ஒரு சிறு சொல் வந்து ஒட்டிக்கொண்டால், பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. 'புட் ஆஃப்' என்றால் ஒத்திவைத்தல். 'புட் அவுட்' என்றால் விளக்கை அணைத்தல். 'புட் ஆன்' என்றால் சட்டையை அணிதல். 'புட் டவுன்' என்றால் கலகத்தை அடக்குதல். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல். ஐந்து இடத்திலும் ஆங்கில வினை ஒன்றே. தமிழ் வினைகளோ ஐந்து.

இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாது விளையும்? முறையீடு ஒன்றுக்கு மேலிடத்திலிருந்து விடை வருகிறது. 'தி மேட்டர் இஸ் பீயிங் லுக்ட் இன்டு' என்று அதில் எழுதியிருக்கிறது. 'விஷயம் உள்ளே பார்க்கப்படுகிறது' என்று ஒருவர் அதைத் தமிழாக்கினால், கேட்பவர் திகைப்பார். 'உங்கள் முறையீட்டை ஆராய்ந்து வருகிறார்கள்' என்றால் போதும்; கேட்டவர் மனம் அமைதியுறும். 'லுக்' என்பதோடு 'ஆஃப்டர்' சேர்ந்தால் கவனித்துக்கொள்ளுதல். 'ஃபார்வர்டு' சேர்ந்தால் எதிர்நோக்குதல். 'டவுன் ஆன்' சேர்ந்தால் இழிவாக எண்ணுதல். கண்ணால் பார்க்கும் வேலை இம்மூன்றில் எதிலும் இல்லை.

ஆகவே முதல் விதி இது: வினையையும் அதன் பின் நிற்கும் சிறுசொல்லையும் பிரிக்கலாகாது; இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகக் கொள்ள வேண்டும். பின்னர், 'இங்கே நடக்கும் செயல் யாது? அச்செயலை நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விடை பெரும்பாலும் ஒற்றைத் தமிழ்ச் சொல்லாகவே வந்து நிற்கும்.

இஃது ஆங்கிலத்தின் கோணல் என்று சிலர் எள்ளுவதுண்டு. அவர்களை ஒன்று கேட்போம். நம் மொழியில் 'செய்து பார்' என்கிறோமே, அதில் பார்ப்பது எங்கே இருக்கிறது? 'விட்டுக்கொடு' என்கிறோமே, அதில் எதை விடுகிறோம், எதைக் கொடுக்கிறோம்? 'சொல்லித் தொலை' என்னும்போது தொலைவது யாது? 'செய்துவிடு', 'செய்துகொள்', 'செய்து கொடு', 'செய்து வை', 'செய்து தொலை' எனும் ஐந்திலும் செயல் ஒன்றே. ஆனால் முதலாவது முடிவைக் காட்டுகிறது. இரண்டாவது தனக்கு என்கிறது. மூன்றாவது பிறர்க்கு என்கிறது. நான்காவது பின்னர்ப் பயன்படும் என்கிறது. ஐந்தாவது பேசுவோன் சலிப்பைக் காட்டுகிறது. ஆங்கிலேயன் வினைக்குப் பின் 'அப்', 'ஆஃப்' என்று வைப்பதை, நாம் வினையெச்சத்தின் பின் துணைவினையாக வைக்கிறோம். அவனுக்கு நம் 'விட்டுக்கொடு' எவ்வளவு புதிரோ, நமக்கு அவன் 'கிவ் அப்' அவ்வளவு புதிர். ஒருவரை ஒருவர் நகைக்க இடமில்லை.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதும் அன்று. ஏறத்தாழ இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் ஸ்பானிய மொழியினர், ஆங்கிலம் கற்கையில் இதே இடத்தில்தான் இடறுகின்றனர். ஆங்கிலேயன் 'கோ இன்', 'கோ அவுட்', 'கோ அப்', 'கோ டவுன்' என்று 'கோ' என்ற ஒரே வினையைக் கொண்டு நான்கு திசைக்கும் போகிறான். ஸ்பானியர்க்கோ 'எந்த்ரார்', 'சலீர்', 'சுபீர்', 'பஹார்' என நான்கு தனி வினைகள். நமக்கும் நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு என நான்கு. திசை அவனுக்குச் சிறுசொல்லில் இருக்கிறது. நமக்கும் ஸ்பானியர்க்கும் வினைக்குள்ளேயே இருக்கிறது. 'ஹி ரான் அவுட்' என்பதை ஸ்பானியர் 'ஓடிக்கொண்டு வெளியேறினான்' என்னும் அமைப்பில் சொல்கின்றனர்; நாமும் 'ஓடி வெளியேறினான்' என்கிறோம். லியோனார்டு டால்மி என்னும் அமெரிக்க மொழியியலார் 1985-ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டை விரித்தெழுதினார். உலக மொழிகளுள் சில, செல்லும் திசையை வினைக்குள்ளேயே அடக்குவன. வேறு சில அதனை வினைக்கு வெளியே தனிச்சொல்லில் வைப்பன என்பது அவர் கண்ட வகைப்பாடு. கடல் கடந்த ஸ்பானியமும் கரையோரத் தமிழும் இவ்விடத்தில் ஒரே பக்கம் நிற்பது மகிழத்தக்கது.

இனி, நாள்தோறும் வழங்கும் அடைமொழிகளுக்கு வருவோம். 'குட்', 'ஹெவி', 'புவர்', 'ஷார்ப்' போன்றவை எளியனவாகத் தோன்றும். ஆயினும் இவையும் மேற்சொன்னவற்றைப் போலவே வழுக்குவன. 'ஹெவி' என்றால் கனமான என்று மனப்பாடம் செய்த பிள்ளை, 'ஹெவி ட்ராஃபிக்' என்பதைக் கனமான போக்குவரத்து என்று எழுதுகிறான். தமிழர் அதை நெரிசல் என்பர். 'ஹெவி ரெயின்' பெருமழை. 'ஹெவி லக்கேஜ்' பளுவான சுமை. 'ஹெவி ஃபுட்' எளிதில் செரிக்காத உணவு. 'புவர் மேன்' என்பது இடத்திற்கேற்ப ஏழை மனிதன் என்றும் ஆகும். 'ஐயோ, பாவம்' என்றும் ஆகும். 'புவர் க்ராப்' என்பதோ ஏழைப் பயிர் அன்று. விளைச்சல் குன்றிற்று என்பதே அது.

இன்னும் நுட்பம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அடைமொழியாக நிற்பது தமிழில் வினையாகிவிடும். 'ஐ ஆம் ஹங்ரி' என்று ஆங்கிலேயன் தன்னைப் பசியுடையவனாகக் கூறுகிறான். ஸ்பானியன் 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'பசி வைத்திருக்கிறேன்' என்கிறான். நாமோ 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். பசி வந்து வேலை செய்கிறது, நாம் அதற்கு ஆளாகி நிற்கிறோம். மூன்று மக்களும் உணரும் பசி ஒன்றே. சொல்லும் வழி மூன்று.

'அவன் நல்லவன்' என்பதும் 'அவன் நன்றாக இருக்கிறான்' என்பதும் நமக்கு வேறு வேறு. முன்னது குணத்தைச் சொல்வது. பின்னது நிலையைச் சொல்வது. ஸ்பானிய மொழியில் இவ்விரண்டிற்கும் 'சேர்', 'எஸ்தார்' என்று இரு தனி வினைகளே உள்ளன. 'லிஸ்தோ' என்னும் ஒரே அடைமொழி, 'சேர்' என்பதோடு சேர்ந்தால் புத்திக்கூர்மையுடையவன் என்றும், 'எஸ்தார்' என்பதோடு சேர்ந்தால் ஆயத்தமாக இருப்பவன் என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் 'இஸ்' என்ற ஒன்றே இரண்டிற்கும் வருவதால், அதனைப் பெயர்ப்பவன் குணமா, நிலையா என்று முதலில் தெளிந்தாக வேண்டும்.

இவையெல்லாம் பள்ளித் தேர்விற்கு மட்டும் உதவும் நுணுக்கங்கள் என்று கருதற்க. நம் குடியிருப்பில் பாட்டியார் ஒருவர் நோயுற்றால் மருத்துவரிடம் உடன் செல்பவர் யார்? பெரும்பாலும் பேரனோ பேத்தியோதான். பாட்டியார் தமிழில் சொல்வதை அப்பிள்ளை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டும். பாட்டியார் எல்லாவற்றையும் 'வலி' என்று ஒரே சொல்லால் சொல்லமாட்டார். குத்துகிறது என்பார், கடுக்கிறது என்பார், எரிகிறது, இழுக்கிறது, குடைகிறது, உளைகிறது, பிசைகிறது, விண்விண் என்று தெறிக்கிறது என்பார். ஒவ்வொன்றும் ஒரு வினை. ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் இவற்றுள் பல 'ஷார்ப்', 'டல்', 'பர்னிங்', 'த்ராபிங்' என்று அடைமொழிகளாக நிற்கின்றன. பிள்ளைக்கு இவ்வினைகள் தெரியாமற்போனால், எட்டுக் குறிப்பும் 'பெயின்' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். மருத்துவர் எதிரே பாட்டியார் பேசியும் பேசாதவராகவே இருப்பார்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதனினும் நெருங்கிய இடர் ஒன்றுண்டு. ஆங்கிலம் தூரத்து மொழி. அதனிடம் நாம் விழிப்பாக இருப்போம். மலையாளமோ உடன்பிறந்த மொழி. ஒலி ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்று நம்பிவிடுகிறோம். வாளையாற்றிலிருந்து கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு, மீனாட்சிபுரம் வரை பாலக்காட்டின் கீழ்ப்பகுதியிலும், மறையூர், மூணாறு, தேவிகுளம், உடும்பன்சோலை, வண்டிப்பெரியாறு, குமுளி என இடுக்கியின் மலைப்பகுதியிலும் இரு மொழியும் ஒரே தெருவில் நடமாடுகின்றன. அங்கே ஒலியொப்புமை நம்மை எப்படி ஏமாற்றுகிறது என்று காணுங்கள்.

நாம் 'பனி' என்றால் மூணாற்றின் மூடுபனி நினைவிற்கு வரும். மலையாளிக்குப் 'பனி' என்றால் காய்ச்சல். நாம் 'வெள்ளம்' என்றால் ஊரை அழிக்கும் பெருக்கு. அவர்க்கு அது குடிக்கும் தண்ணீர். மூணாற்றுப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு இருப்புப்பாதையை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. அதனை மலையாளிகள் கொல்லம் ஆண்டு 1099-ஐக் கொண்டு 'தொண்ணூற்றொன்பதிலே வெள்ளப்பொக்கம்' என்பர். பொக்கம் சேர்ந்தால்தான் அவர்க்கு அது பெருக்கு. நாம் 'வலி' என்றால் நோவு. அவர்க்கு 'வலி' இழுத்தல், 'புகவலி' என்றால் புகைபிடித்தல். நோவை அவர் 'வேதன' என்பர். நாம் 'மயக்கம் வந்தது' என்றால் நினைவு தப்பியதைக் கருதுவோம். மலையாளத்தில் மயக்கம் என்பது கண்ணயர்தலையும் குறிக்கும். 'அப்பாவுக்கு மயக்கம்' என்று பதறும் பிள்ளைக்கு, 'உறங்கட்டும்' என்று விடை வரலாம். 'போதம் கெட்டு' என்றால்தான் அங்கே உடனே ஓடிவருவர்.

தேயிலை நாட்டில் வாழும் நமக்குத் தேநீர் பற்றியும் ஒன்று சொல்வோம். 'ஸ்ட்ராங் டீ' என்பதை மலையாளிகள் 'கடுப்பம்' உள்ள சாயை என்பர். தமிழில் கடுப்பு என்றாலோ உளைச்சல். வயிற்றுக்கடுப்பு என்றால் நோய். புதிதாக வந்த உறவினரிடம் 'கடுப்பமாக ஒரு டீ குடியுங்கள்' என்றால் அவர் கோப்பையைத் தொட அஞ்சுவார். நகைப்பிற்குரியதுதான், ஆனால் இவ்வகை மாற்றம் எழுத்தில் ஏறும்போது நகைப்பு நின்றுவிடுகிறது. 'புட் ஆஃப்' என்பதை மலையாள நாளேடுகள் 'மாற்றிவெச்சு' என்று எழுதும். அஃது அம்மொழிக்குச் செவ்வையான வழக்கு. அதைப் பார்த்துத் 'தேர்வு மாற்றிவைக்கப்பட்டது' என்று தமிழில் எழுதினால், வேறு தேர்வு வைத்துவிட்டார்களோ, வேறு இடத்தில் வைத்துவிட்டார்களோ என்று பெற்றோர் குழம்புவர். 'ஒத்திவைக்கப்பட்டது' என்பதே நமக்குரியது.

இதனால் மலையாளத்தோடு கலவாதீர் என்று கூறினோம் அல்லோம். கலப்பு எல்லைப்புறத்தின் இயல்பு. அதில் வலிமையும் உண்டு. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஊக்கத்தொகைக்காகத் திரண்டெழுந்தபோது, தமிழ்ப் பெண்கள் பெரும்பான்மையாக நின்ற அக்கூட்டம் 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் பூண்டது. தமிழிலக்கணத்தில் ஒருமை என்றால் பன்மைக்கு எதிர்ச்சொல்; மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை. இரு மொழியும் கலந்த அப்பெயரை நாடு முழுதும் அறிந்தது. தெரிந்து கலப்பது செல்வம். தெரியாமல் கலப்பது இழப்பு. யாம் வேண்டுவது இவ்வேறுபாட்டை உணர்தல் ஒன்றே.

இழப்பு என்றோம். சிறுசொல் ஒன்றைத் தவறாகப் பெயர்த்தால் குடும்பத்திற்கு நேரக்கூடிய இழப்பிற்கு இரண்டு சான்று தருவோம்.

முதலாவது 'லே ஆஃப்' என்பது. தொழிலகத்தின் அறிவிப்புப் பலகையில் இச்சொல்லைக் கண்டவுடன், 'வேலை போயிற்று' என்று பெயர்த்துவிடுவோர் பலர். அமெரிக்கர் வழக்கில் அப்பொருளும் உண்டு. ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் அது வேறு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட பகுதி, 'லே ஆஃப்' என்பதையும் 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்பதையும் தனித்தனியே வரையறுத்தது. மூலப்பொருளோ மின்விசையோ இல்லாமையாலும், இயந்திரம் பழுதானமையாலும், அவை போன்ற பிற காரணத்தாலும், பெயர்ப்பட்டியலில் உள்ள தொழிலாளிக்கு வேலை தர இயலாத தற்காலிக நிலையே முன்னது. அவர் பெயர் பட்டியலில் நிற்கும். தகுதியுடையவர்க்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். பின்னதுதான் ஆட்குறைப்பு. தோட்டத் தொழிலும் அவ்விதிக்குள் அடங்கிற்று. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் இவ்வேறுபாட்டைக் காத்திருக்கிறது. இப்போது எண்ணிப் பாருங்கள். 'வேலை போயிற்று' என்று ஒருவர் பெயர்த்துச் சொல்ல, அதை நம்பிய தொழிலாளி மூட்டை கட்டிக்கொண்டு போடிமெட்டு வழியே ஊருக்கு இறங்கிவிட்டால், உரிய இழப்பீட்டை யாரிடம் கேட்பார்?

இரண்டாவது 'ரைட் ஆஃப்' என்பது. 'வங்கி கடனை ரைட் ஆஃப் செய்தது' என்னும் செய்தியைத் 'தள்ளுபடி செய்தது' என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். தள்ளுபடி என்றால் கடன்பட்டவர் விடுபட்டார் என்று பொருள். வங்கியார் 'ரைட் ஆஃப்' என்று கூறுவதோ, அக்கடனைத் தம் கணக்கேட்டின் சொத்துப் பகுதியிலிருந்து நீக்குதலே ஆகும். கடன்பட்டவரிடம் வசூலிக்கும் உரிமை அப்படியே நிற்கும். கடனை உண்மையில் விட்டுவிடுவதற்கு 'வெய்வர்' என்று வேறு சொல் உண்டு. எனவே முன்னதைக் 'கணக்கிலிருந்து நீக்கம்' என்றும், பின்னதைத் 'தள்ளுபடி' என்றும் கூறுதலே முறை. 'தள்ளுபடியாயிற்று' என்று மகிழ்ந்து தவணையை நிறுத்திய குடும்பத்தின் வாயிலில், சில திங்களில் வழக்கறிஞர் அறிவிப்பு வந்து நிற்கக்கூடும். 'ஆஃப்' என்னும் சிறுசொல்லின் சுமை எத்தகையது என்று பார்த்தீர்களா?

அப்படியாயின் தமிழால் இவற்றைச் சொல்ல இயலாதோ என்று இளைஞர் ஐயுற வேண்டா. தொழிற்சங்க மேடைகளிலும் நாளேடுகளிலும் வழங்கும் சொற்களைப் பாருங்கள். 'லாக் அவுட்' என்பதைப் 'பூட்டி வெளியே' என்று யாரும் பெயர்க்கவில்லை, கதவடைப்பு என்றனர். 'வாக் அவுட்' வெளிநடப்பு ஆயிற்று. 'சிட் இன்' உள்ளிருப்புப் போராட்டம் ஆயிற்று. 'செட் பேக்' பின்னடைவு ஆயிற்று. 'பை பாஸ்' புறவழிச்சாலை ஆயிற்று. எம் அலுவலகத்தில் 'ஹேண்ட் ஓவர்' என்பது பொறுப்பை ஒப்படைத்தல். 'டேக் ஓவர்' என்பது பொறுப்பேற்றல். தாமதமாக வந்த வண்டி 'மேக் அப்' செய்தல் என்பது இழந்த நேரத்தை ஈடுசெய்தல். இவற்றை ஆக்கியோர் சொல்லைப் பார்க்கவில்லை, செயலைப் பார்த்தனர். ஆகவே அவை மக்கள் நாவில் நிலைத்தன.

ஆனால் இன்று நம் இல்லங்களில் வேறொன்று நிகழ்கிறது. 'பிக்கப் பண்ணு', 'டிராப் பண்ணு', 'கட் ஆஃப் பண்ணு', 'செட்டில் பண்ணு' என்று, ஆங்கில வினை எதுவாயினும் 'பண்ணு' என்பதை ஒட்டவைத்து முடித்துவிடுகிறோம். மொழிபெயர்க்கும் உழைப்பே வேண்டுவதில்லை. ஆயினும் ஏற்றிக்கொள், இறக்கிவிடு, துண்டித்துவிடு, தீர்த்துவை ஆகிய நான்கு வினைகள் அவ்விடத்தில் வேலையிழக்கின்றன. வேலையிழந்த சொல் நெடுநாள் வாழாது. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தையும் தெருவில் மலையாளத்தையும் கேட்கின்றனர். தமிழ் வினைகளைக் கேட்க அவர்க்கு இருக்கும் இடம் வீடு ஒன்றே. வீட்டிலும் 'பண்ணு' மட்டுமே ஒலித்தால், பாட்டியாரின் எட்டு வலிகளும் அவர்க்கு ஒரு வலியாகவே கேட்கும்.

மொழிபெயர்ப்பு நமக்குப் புதிய தொழிலும் அன்று. தொல்காப்பியர் மரபியலில் வழிநூலின் வகைகளுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார். நாம் வாழும் இக்கேரள மண்ணிலேயே அதற்குப் பெரும் சான்றுகள் உள. இந்தியாவில் தமிழெழுத்தில் அச்சேறிக் கிடைத்திருக்கும் முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்', 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அது போர்த்துகீசியத்திலிருந்து அன்ரிக் அடிகளார் தமிழாக்கிய சிறு நூல். திருச்சூர் மாவட்டத்திலுள்ள அம்பழக்காட்டில் 1679-இல், அந்தாம் தெ ப்ரொயென்சா அடிகளார் தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி அச்சேறியது. 16,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது அது. அவ்வடிகளார் தம் நூல் அச்சில் வருமுன்னரே மறைந்தார். வத்திக்கான் நூலகத்திலிருந்த அதன் படியைத் தமிழுலகிற்கு அறிவித்து, 1966-இல் மறுபதிப்பாகக் கோலாலம்பூரில் வெளியிடச் செய்தவர் தனிநாயகம் அடிகளார். போர்த்துகீசியம் ஸ்பானியத்தின் உடன்பிறப்பு. ஆக, பாலக்காட்டிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய ஊரில், ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டிற்கு முன்னரே, தமிழ் வினைகளுக்கு எதிரே ஐரோப்பியச் சொற்களை எழுதிவைத்து உழைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்தவர் நம் வினைகளைக் கற்க அத்துணை முயன்றார் எனின், நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க எத்துணை முயலல் வேண்டும்!

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. நம் அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் முறையீட்டை மத்தியிலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்க ஒவ்வொருவர்க்கும் உரிமை தருகிறது. கேரளம் தனி மாநிலமாக அமைந்த 1956-ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. தமிழில் முறையீடு எழுதலாம். ஆனால் அது மேலே செல்லச் செல்ல யாரேனும் ஒருவர் அதைப் பெயர்த்தே தீர வேண்டும். நாம் தெளிவாக எழுதினால் அவர் தெளிவாகப் பெயர்ப்பார். 'என்னை அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னார்கள்' என்று எழுதினால், பொறுத்துக்கொள்ளச் சொன்னார்களா, விட்டுக்கொடுக்கச் சொன்னார்களா, கணக்கில் நேர்செய்யச் சொன்னார்களா என்று அவர் எங்ஙனம் அறிவார்? நம் குறை தீர்வதும் தீராததும் அவ்வொரு வினையில் தங்கியிருக்கலாம்.

ஆகவே இச்சங்கத்தின் வாயிலாக மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். பிள்ளை பள்ளியில் கேட்ட ஆங்கிலக் கூட்டுவினை ஒன்றை அதில் எழுதட்டும். மலையாளத்தார் அதற்கு என்ன சொல்கின்றனர் என்று தோழரிடம் கேட்டு எழுதட்டும். அதன் எதிரே தமிழ் வினையை வீட்டுப் பெரியவர் சொல்லட்டும். நாளுக்கு ஒன்று போதும். ஓராண்டில் 365 ஆகும். பெரியவர்க்கும் ஐயம் எழுந்தால், சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டு 1965-இல் நிறைவுற்ற ஆங்கிலம்-தமிழ் அகராதி இருக்கிறது. அதன் படி ஒன்றைச் சங்க நூலகத்திற்கு வாங்குவதும் தகும்.

இரண்டு: மருத்துவமனைக்குப் பெரியவரை அழைத்துச் செல்லுமுன், அவர் சொல்லும் நோவை வீட்டிலேயே பொறுமையாகக் கேட்டு, தமிழில் உள்ளவாறே தாளில் எழுதி, மலையாளச் சொல்லைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன் தடுமாற வேண்டியிராது.

மூன்று: வேலை, கடன், வீடு ஆகியவை பற்றி ஆங்கிலத்தில் அறிவிப்பு வந்தால், அதில் 'ஆஃப்', 'அவுட்', 'ஓவர்', 'அப்' போன்ற சிறுசொல் ஒட்டிய வினை எங்கேனும் உண்டா என்று தேடுங்கள். உண்டாயின், இருவரிடம் பொருள் கேட்டுத் தெளியாமல் கையொப்பம் இடாதீர்கள். எம் போன்ற எழுத்தர்கள் இச்சங்கத்தில் பலர் உளர். மாலை வேளையில் வந்து கேட்டால் படித்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

அன்பர்களே, பிழைப்பைத் தேடி மலையேறியும் கணவாய் கடந்தும் வந்தவர்கள் நாம். வந்த இடத்தின் மொழியை மதித்துக் கற்பது நம் கடன். கொண்டுவந்த மொழியைக் குறைவின்றிப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதும் நம் கடன். இவ்விரண்டிற்கும் நடுவே நின்று இரு கரையையும் இணைக்கும் பணியே மொழிபெயர்ப்பு. நம் குடியிருப்பில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் விரும்பியோ விரும்பாமலோ அப்பணியை ஏற்கிறது. நல்ல வினைகளைக் கொடுத்து அதனை அனுப்பிவைப்போமாக.